குதிரைசக்தி வேறு, இழுவை வேறு
(ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டர்)

நூல் வாங்கும் நெசவாளர் சங்கத்தார், கட்டின்மேல் ஒட்டியுள்ள சீட்டை மட்டும் நம்பி வாங்குவதில்லை. சீட்டில் 40-ஆம் நம்பர் என்று அச்சிட்டிருந்தாலும், ஒரு சிட்டத்தை உருவித் தராசில் இட்டுப் பார்க்கிறார்கள். 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் ஒரு ராத்தலுக்கு எத்தனை ஏறுகின்றனவோ, அதுவே பருத்தி நூலின் நம்பர். 40 ஏற வேண்டிய இடத்தில் 36 ஏறினால் நூல் பருமன் என்று பொருள்; கொடுத்த பணத்திற்கு நூலின் நீளம் குறையும்; நஷ்டம் அங்கத்தினர் தலையில் விழும். இந்த எச்சரிக்கையை நம் நெசவாளர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை. பட்டுத் தெளிந்து அவர்களே கற்றுக்கொண்டார்கள்.

பயிர்த்தொழில் புரியும் சகோதரர்கள் டிராக்டர் வாங்கும்போது இதே எச்சரிக்கையைக் காட்டுகிறார்களா? லட்சக்கணக்கில் கடன் பெற்று, பல ஆண்டுத் தவணையில் திருப்பிச் செலுத்த வேண்டிய ஓர் இயந்திரத்தை, அதன் முகப்பில் எழுதியுள்ள குதிரைசக்தி என்ற ஒற்றை எண்ணைக் கொண்டே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறோம். "நாம்" என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தப் பிழையில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதை ஒப்புக்கொண்ட பின்னரே பிறருக்கு யோசனை சொல்லும் தகுதி எனக்கு உண்டாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், என் சரகத்திலுள்ள ஒரு சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். சங்கத்திடம் 35 குதிரைசக்தி டிராக்டர் ஒன்று நெடுங்காலமாக வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை விற்றுவிட்டு 50 குதிரைசக்தியில் புதியதொன்று வாங்கலாமா என்பதே அன்றைய விவாதம். விற்பனையாளர் தரப்பில் வந்திருந்த இளைஞர், தலைவரின் மேசைமேல் ஒரு மாதிரி டிராக்டரை வைத்தார். அசல் வண்டியைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கி, ஒரு திருகாணியும் விடுபடாமல் செய்த அழகிய பொம்மை அது. மின்கலத்தால் ஓடக்கூடியது. அதன் பின்னால் சிறிய டிரெய்லரைப் பூட்டி, சங்கத்தின் தீர்மானப் புத்தகங்கள் மூன்றை அதில் அடுக்கினார். பொம்மை அவற்றை மேசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தயக்கமின்றி இழுத்துச் சென்றது. "கைக்கு அடக்கமான வண்டியே இவ்வளவு இழுக்கிறதென்றால், அசல் வண்டி எவ்வளவு இழுக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். சபை கைதட்டியது.

பின்வரிசையிலிருந்து முதிய அங்கத்தினர் ஒருவர் மட்டும் எழுந்தார். "ஐயா, நம்ம பழைய வண்டி சட்டிக் கலப்பையை முனகாமல் இழுக்கிறது. புதுசு அப்படி இழுக்குமா என்று வயலில் பார்த்துவிட்டு வாங்கலாமே?" என்றார். 35 பெரிதா, 50 பெரிதா என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். தீர்மானம் நிறைவேறியது. அதைப் பரிசீலித்து, "சங்கத்தின் வாடகை வருமானம் பெருகும்" என்று குறிப்பு எழுதியவன் நான். கல்லூரியில் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்றவன் என்பதையும் வெட்கத்துடன் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

முதல் மழைக்குப் பிறகு உண்மை வெளிப்பட்டது. அவ்வூர் பூமி களிமண். சட்டிக் கலப்பை மண்ணில் இறங்கியதும் புதிய வண்டியின் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. ஓட்டுநர் வேறு வழியின்றி ஆழத்தைக் குறைத்தார். "மேலாகக் கீறிவிட்டுப் போகிறது" என்று அங்கத்தினர்கள் குறைகூறித் தனியார் வண்டிகளை நாடினர். வாடகை மணிகள் குறைந்தன. இரண்டு தவணைகள் பாக்கி நின்றன. அப்போது நிர்வாகக் குழுவில் ஒரு யோசனை எழுந்தது: இதையும் விற்றுவிட்டு 60 குதிரைசக்தியில் வாங்குவோம்! அந்தத் தீர்மான நகல் என் மேசைக்கு வந்த நாளில்தான், மறந்துபோன பாடப் புத்தகத்தை நான் மீண்டும் திறந்தேன்.

முதலில் அந்தப் பொம்மையைப் பற்றிச் சொல்கிறேன். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். இயந்திரங்களுக்கு அந்தப் பழமொழி பொருந்தாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பதினாறில் ஒன்றாகச் சுருக்கினால், பரப்பு 256-இல் ஒன்றாகும்; எடையோ 4,096-இல் ஒன்றாகிவிடும். 1,800 கிலோ நிறையுள்ள டிராக்டரை அதே உலோகங்களைக் கொண்டு இந்த அளவில் செய்தால், பொம்மையின் எடை 440 கிராம் அளவில் நிற்கும்.

இப்போது உழவுக்கு வருவோம். கலப்பைக்கு மண் காட்டும் எதிர்ப்பு, வெட்டப்படும் மண்ணின் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. 30 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் ஆழமும் வெட்டினால் பரப்பு 450 சதுர சென்டிமீட்டர். கனத்த களிமண்ணில் சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ விசை என்று வைத்துக்கொண்டால், ஒரு கொழுவுக்கு 315 கிலோ இழுவை தேவை. நல்ல பிடிப்பில் தன் எடையில் பாதி அளவுக்கு, அதாவது 900 கிலோ இழுக்கும் அசல் டிராக்டருக்கு இது எளிது. பொம்மைக் கலப்பையை அதே மண்ணில் இறக்குங்கள். பரப்பு 256-இல் ஒன்றாகக் குறைவதால் அதற்கு வேண்டிய விசை ஏறத்தாழ 1.2 கிலோ. 440 கிராம் பொம்மை இழுக்கக்கூடியதோ 220 கிராம். அசல் வண்டிக்குத் தேவையைப்போல் மூன்று மடங்கு வலிமை உண்டு. பொம்மைக்குத் தேவையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மேசையில் வெற்றி பெற்றதெல்லாம், வழவழப்பான பலகைமீது சக்கர வண்டியை உருட்டியதுதான். சமதளத் தார்ச்சாலையில் டிரெய்லரை உருட்டிச் செல்வதற்கு, அதன் மொத்த எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு விசையே போதும். உருட்டுவது வேறு, உழுவது வேறு.

ஆயினும் மாதிரி வண்டிகளை நான் இகழவில்லை. அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில், டுபூக் நகரத்தில் 1945-இல் ஃபிரெட் எர்ட்ல் தொடங்கிய தொழில், இதே பதினாறில் ஒரு பங்கு அளவில் வேளாண் பொம்மைகளை உலகெங்கும் பரப்பியது. அதே மாகாணத்து டயர்ஸ்வில் ஊரில் அவற்றுக்கென்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. பழைய டிராக்டர்களின் வடிவத்தை இன்றைய சிறுவர்கள் அறிவது அவற்றால்தான். ஒரு பொம்மை, டிராக்டர்களின் சரித்திரத்தையே திருப்பியதும் உண்டு. அதைப் பின்னர்க் கூறுகிறேன்.

அடுத்தது குதிரைசக்தி. 75 கிலோ பாரத்தை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கும் ஆற்றலே ஒரு குதிரைசக்தி. இதில் பாரமும் வேகமும் சேர்ந்தே இருக்கின்றன. உழவர் நினைவில் வைத்துக்கொள்ள எளிய சூத்திரம் இது: இழுவையைக் கிலோவிலும், வேகத்தை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்றும் எடுத்துப் பெருக்கி, 270-ஆல் வகுத்தால் கிடைப்பது இழுவைக் குதிரைசக்தி. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் 800 கிலோ இழுத்தால் வருவது ஏறத்தாழ 15 குதிரைசக்தியே. பல்சக்கரங்களிலும் மண்ணிலும் ஏற்படும் நஷ்டத்தைக் கழித்தாலும், 35 குதிரைசக்தி இயந்திரம் இதைச் செய்துவிடும்.

அப்படியானால் 50 எதற்கு? அதே 800 கிலோவை இன்னும் வேகமாக இழுக்கலாம். 1,200 கிலோ இழுக்க வேண்டுமானால், அந்த இழுவைக்கு ஈடான பிடி சக்கரத்துக்கும் மண்ணுக்கும் இடையே இருக்க வேண்டும். அந்தப் பிடியைத் தருவது சக்கரத்தின்மேல் அமரும் பாரம். குதிரைசக்தி வேகத்தைக் கூட்டும். பாரமே பிடியைக் கூட்டும். பிடி இல்லாத இடத்தில் எத்தனை குதிரைகளைப் பூட்டினாலும் அவை குளம்பு வழுக்கித்தான் நிற்கும்.

இந்த வேறுபாட்டைப் பழைய காலத்து டிராக்டர்கள் தம் பெயரிலேயே தாங்கியிருந்தன என்பது வியப்புக்குரியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க டிராக்டர்களுக்கு இரண்டு எண்கள் இருந்தன. "வாட்டர்லூ பாய் 12-25" என்றால், வடத்தில் இழுக்கும்போது 12, பட்டை மாட்டிக் கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டும்போது 25 குதிரைசக்தி என்று பொருள். "ஹார்ட்-பார் 30-60" என்ற பூதம் சுமார் 10 டன் எடை கொண்டது. தன் உடலைத் தானே நகர்த்துவதிலும் மண்ணிலும் அதன் சக்தியில் பாதி செலவாயிற்று. வாங்குபவர் இரண்டு எண்களையும் கண்டு தீர்மானிக்கலாம். பிற்காலத்தில் பெரிய எண் ஒன்றே விளம்பரத்தில் நின்றது. சிறிய எண் மறைந்தது. வயலில் உழவருக்கு உதவுவதோ அந்தச் சிறிய எண்தான்.

அந்த இரண்டு எண்களிலும் பொய் புகுந்த காலம் ஒன்று உண்டு. நெப்ராஸ்கா மாகாணத்தில் வில்மாட் குரோஸியர் என்ற விவசாயி, "ஃபோர்டு" என்ற பெயர் தாங்கிய டிராக்டர் ஒன்றை வாங்கினார். புகழ்பெற்ற ஹென்றி ஃபோர்டுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. வண்டி வேலைக்கு உதவவில்லை. அவர் சட்டசபை உறுப்பினரானபோது, தம் துன்பம் பிறருக்கு நேரக்கூடாதென்று முயன்றார். அம்முயற்சியால் 1919-இல் நெப்ராஸ்கா டிராக்டர் சோதனைச் சட்டம் பிறந்தது: சோதிக்கப்படாத மாதிரியை அம்மாகாணத்தில் விற்கக்கூடாது. 1920-இல் நடந்த முதற் சோதனைக்கு உட்பட்டது அதே வாட்டர்லூ பாய். ஏமாந்த ஒரு குடியானவர் உட்கார்ந்து புலம்பாமல், ஊருக்கெல்லாம் ஒரு தராசு நாட்டினார். இதைவிடக் கூட்டுறவுக்கு உகந்த செயல் வேறு எது? நம் நாட்டிலும் மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் இருக்கிறது. டிராக்டர்களின் இழுவையைச் சோதித்து அது அறிக்கை வெளியிடுகிறது. அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிய சங்கம் ஒன்றையும் என் தணிக்கைகளில் நான் கண்டதில்லை.

எடையின்றிப் பிடி இல்லை என்றால், 10 டன் இரும்பைத்தான் வயலில் இறக்க வேண்டுமா? இக்கேள்விக்கு விடை கண்டவர் ஹாரி ஃபெர்குசன். கலப்பையைச் சங்கிலியில் கட்டி இழுக்காமல், மூன்று இணைப்புத் தண்டுகளால் டிராக்டரோடு ஒன்றாகப் பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் தாங்கச் செய்தார். கலப்பையின் எடையும், மண் அதைக் கீழ்நோக்கி இழுக்கும் விசையும் பின்சக்கரங்களின்மேல் அமர்ந்தன. மண் இறுகினால் மேல் தண்டு அதை உணர்ந்து கலப்பையைச் சற்றே உயர்த்தும். இலகுவான வண்டி கனத்த வண்டியைப்போல் இழுத்தது. 1938 அக்டோபரில் அவர் ஹென்றி ஃபோர்டின் இல்லத்துக்குச் சென்று வயலில் உழுது காட்டினார். பிறகு மேசை ஒன்றைக் கொண்டுவரச் செய்து, சாவி கொடுத்தால் ஓடும் ஒரு பொம்மை டிராக்டரைக் கொண்டு தத்துவத்தை விளக்கினார். எழுத்து ஒன்றும் இல்லாமல், இருவரும் கைகுலுக்கி உடன்பாடு செய்துகொண்டார்கள். 1939-இல் அம்முறையில் அமைந்த ஃபோர்டு டிராக்டர் வெளிவந்தது.

கவனியுங்கள்: ஃபெர்குசனும் மேசைமேல்தான் பொம்மையை ஓட்டினார். ஆனால் அதற்கு முன் வயலில் உழுது காட்டிவிட்டார். எவ்வளவு இழுக்கும் என்பதை அசல் வண்டியைக் கொண்டும், எவ்வாறு இழுக்கிறது என்பதைப் பொம்மையைக் கொண்டும் காட்டினார். நம் சங்கத்துக் கூட்டத்தில் முன்னது நடைபெறவே இல்லை, பின்னதும் விளக்கப்படவில்லை.

1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் செய்யப்பட்ட ஃபெர்குசன் டிஈ-20 வண்டிகள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அதன் எடை ஒரு டன்னுக்குச் சற்றே அதிகம். பட்டைச் சங்கிலி பூட்டிய அவ்வண்டிகளில்தான் எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4-ஆம் தேதி தென்துருவத்தை அடைந்தார். 1953-இல் ஃபெர்குசன் நிறுவனம் மாஸ்ஸி-ஹாரிஸுடன் இணைந்தது. அந்த மாஸ்ஸி ஃபெர்குசன் உறவோடு 1960-இல் சென்னையில் டாஃபே தொடங்கப்பட்டது. நம் ஊர் வயல்களில் ஓடும் டிராக்டர்களிலெல்லாம் இருக்கும் மூன்று தண்டுப் பிணைப்பின் பரம்பரை இதுவே.

இனி, பழையதா புதியதா என்ற வழக்கைத் தீர்க்கலாம். நம் பெரியவர் சொன்னது உண்மை. பழைய வண்டி நன்றாகத்தான் இழுத்தது. "அந்தக் காலத்து இரும்பு" என்று அவர் கூறிய காரணம் மட்டும் சரியன்று. பழைய ரசீதுகளைப் புரட்டியபோது எனக்கு விஷயம் விளங்கிற்று. எந்தக் காலத்திலோ ஒரு காரியதரிசி அதன் பின்சக்கரங்களுக்கு வார்ப்பிரும்பு வட்டுகள் வாங்கிப் பூட்டியிருந்தார். டயர்களிலும் தண்ணீர் நிரப்பியிருந்தார். வண்டி விலைபோனபோது அந்த வட்டுகளும் அதனோடு போயின. புதிய வண்டியோ, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே காற்றடைத்த டயர்களோடு வயலில் இறங்கியது. தாழாக இழுக்கவல்ல வண்டியை நாமே இலகுவாக வைத்துக்கொண்டு அதைப் பழித்தோம்.

புதிய வண்டிகளின் மேன்மையையும் மறைக்கக்கூடாது. பிரேக், ஸ்டியரிங், பல்சக்கர வரிசை ஆகியவை ஓட்டுநரின் உடல் வருத்தத்தைக் குறைத்துள்ளன. ரோட்டவேட்டரைப் போன்ற கருவிகள் இழுவையால் அன்றி, சுழல் தண்டின் சக்தியால் வேலை செய்கின்றன; அவை வண்டியை முன்னோக்கித் தள்ளவும் செய்யும். அங்கே குதிரைசக்தியே பேசும். ஆகவே ரோட்டவேட்டர் வேலையே மிகுதியாக உள்ள சங்கம் 50 வாங்குவது தவறன்று. ஆழ உழவே பிரதானமாயுள்ள சங்கம் அந்த எண்ணை மட்டும் கண்டு வாங்குவதுதான் தவறு.

பிறகு நாங்கள் செய்தது இதுதான். ஒரு காலை வேளையில் தலைவர், ஓட்டுநர், அந்தப் பெரியவர், நான் ஆகிய நால்வரும் வயலுக்குச் சென்றோம். பின்சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு இட்டோம். கலப்பையைத் தூக்கியபடி சக்கரம் பத்துச் சுற்று சுற்றும் தூரத்தை அளந்தோம், 40 மீட்டர். கலப்பை இறங்கிய நிலையில் அதே பத்துச் சுற்றில் வண்டி சென்றது 29 மீட்டர். நூற்றுக்கு 27-க்கு மேல் வழுக்கல்! கால் பங்குக்கும் மேற்பட்ட சுழற்சி, டீசலாகவும் தேய்ந்த டயராகவும் மண்ணில் கரைந்துகொண்டிருந்தது. டயர்களில் தண்ணீர் ஏற்றி, வட்டுகள் பூட்டி, மேல் தண்டைச் சரிசெய்து, ஓட்டுநர் அதுவரை தொட்டறியாத இழுவைக் கட்டுப்பாட்டு நெம்புகோலை உபயோகிக்கச் செய்து மறுபடி அளந்தோம், 34 மீட்டர். வழுக்கல் 15-ஆக இறங்கியது. கலப்பையும் முழு ஆழத்தில் சென்றது.

இவ்வனுபவத்தைக் கொண்டு சங்கங்களின் நிர்வாகக் குழுவினருக்குச் சில யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, டிராக்டர் வாங்கும் தீர்மானத்தில் குதிரைசக்தியோடு வண்டியின் எடை, பாரம் ஏற்றியும் ஏற்றாமலும் அதன் இழுவை ஆகிய எண்களும் பதியப்பட வேண்டும். சோதனை அறிக்கையின் நகல் இல்லாத விண்ணப்பத்தை இன்ஸ்பெக்டர்கள் திருப்பி அனுப்ப வேண்டும். அறிக்கையிலுள்ள இழுவை கான்கிரீட் தளத்தில் கண்டது; வயலில் அது குறையும் என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாவது, சங்கத்தின் வேலைகளில் ஆழ உழவு எத்தனை மணி, ரோட்டவேட்டர் எத்தனை மணி, டிரெய்லர் எத்தனை மணி என்று முந்திய ஆண்டுகளின் வாடகைப் புத்தகத்திலிருந்து கணக்கெடுத்த பிறகே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவது, அங்கத்தினர் வயலில், அங்கத்தினர் முன்னிலையில், சங்கத்தின் சொந்தக் கலப்பையைப் பூட்டி உழுது காட்டாத வண்டிக்கு முன்பணம் கொடுக்கலாகாது.

நான்காவது, சுண்ணாம்புக் கோட்டுச் சோதனையை ஆண்டுதோறும் முதல் உழவின்போது செய்து பதிவு செய்ய வேண்டும். வழுக்கல் 15-க்கு மேற்பட்டால் பாரம் கூட்டுக. 8-க்குக் கீழ் இறங்கினால் பாரம் மிகுதி என்று அறிந்து குறைக்க. அளவுக்கு மிஞ்சிய பாரம் மண்ணை இறுக்கிப் பயிரைக் கெடுக்கும், பல்சக்கரங்களையும் வருத்தும்.

ஐந்தாவது யோசனை ஒன்றும் உண்டு. அதற்குப் பணச் செலவு இல்லை. பொதுக்குழுவில் பின்வரிசையிலிருந்து ஒருவர் "வயலில் பார்த்துவிட்டு வாங்கலாமே" என்று எழுந்தால், அவரை உட்காரவைக்கும் சிரிப்பில் நாம் கலந்துகொள்ளக்கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் அடிப்படை. அந்த வாக்கைக் கைதூக்கும்போது எண்ணுவதோடு நம் கடமை தீர்ந்துவிடவில்லை. அவர் பேசும்போது காதுகொடுத்துக் கேட்கவும் வேண்டும். அன்று அந்த ஒரு குரலைக் கேட்டிருந்தால், சங்கத்துக்கு அந்த இரண்டு தவணைப் பாக்கி ஏற்பட்டிராது.

60 குதிரைசக்தி யோசனை கைவிடப்பட்டது. பாக்கியான தவணைகளில் ஒன்று தீர்ந்தது. மற்றொன்றுக்கு அவகாசம் பெற்றோம். மாதிரி டிராக்டர் இன்னும் தலைவரின் மேசையில்தான் இருக்கிறது. கடந்த தணிக்கைக்குச் சென்றபோது, அதன் பின்சக்கரத்தில் யாரோ சுண்ணாம்பால் ஒரு கோடு இட்டிருந்ததைக் கண்டேன். அந்தக் கோட்டைத் துடைத்துவிட வேண்டாம் என்று தலைவரிடம் கேட்டுக்கொண்டு வந்தேன்.